கல்லலுக்கு மேலே ஒரு வெள்ளை

என் பிரியமான முத்தண்ணே,

கல்லலில் நம் வீட்டில் எல்லாரும் சுகம். மதினிக்கு நேற்று ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன அந்த ஐப்பசி மத்தியானம் நான் விமான நிலைய வானிலை அறையில் இருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் கல்லலுக்கு மேலே சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு வெள்ளை. வெள்ளை ஏற ஏற மேகம் அவ்வளவு உயரம், இடி உண்டு என்று அர்த்தம். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த விமானத்துக்கு உடனே எச்சரிக்கை எழுதினேன். அது விலகிச் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. அதற்குப் பிறகுதான் உங்களைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயலில் மின்னல் தாக்கி நீங்கள் விழுந்து கிடந்தது எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே எடுத்த படம் எங்கள் திரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். எடுத்த நேரத்தில் அந்த வெள்ளைக்குக் கீழே நீங்கள் உயிரோடு நின்றிருப்பீர்கள். நான் பார்த்தபோது? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று மத்தியானம் அதே இடத்தில் அதே வெள்ளை. எச்சரிக்கையை அனுப்பிய கையோடு மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, எங்க இருக்கீக? வெளிய நிக்காதீக."

"உள்ளதான்த்தா இருக்கேன். ஆட்டைப் பிடிக்கக் கிணத்தடிக்குப் போனேன். வீட்டுக்குள்ள வந்துரு புள்ளன்னு உங்க அண்ணன் கூப்பிட்டாக. வந்து அரை மணி ஆச்சு."

உலை வைத்துவிட்டேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"யாரு மதினி கூப்பிட்டது?"

அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு போனுக்குள் இடி விழுந்த சத்தம். கிணற்றடித் தென்னை பற்றி எரிவதாக அழுதுகொண்டே சொன்னார். குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நம்ம வயக்காட்டுப் பக்கமிருந்துதான்" என்றார்.

இன்று பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தேன். மதினி உங்கள் குரலைக் கேட்ட நேரத்துப் படத்தில் கல்லலுக்கு மேலே மேகமே இல்லை, அண்ணே. பொட்டு வெள்ளைகூட இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

இனி விமானம் இறங்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். எச்சரிக்கை எழுதிய அடுத்த நிமிடம் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். ஆனாலும் எனக்குப் படம் பிந்தித்தான் வரும். நீங்கள் கூப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
மீனாள்