கழுத்து மடிப்பில் ஒரு கோடு

கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலமா? இந்தக் கடிதம் நீங்கள் இறங்கும் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது என் தாடைக் கட்டியை எடுத்து முடித்திருப்பார்கள். பயப்படாதீர்கள். துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் தங்கை துணைக்கு இருக்கிறாள். நாளை காலைக்குப் பிறகு கொஞ்ச நாள் வாயைத் திறக்க முடியாதாம். அதனால் இன்றே அவள் காது புளிக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏதோ மருந்து கொடுக்கிறார்கள், பாதித் தூக்கத்தில் மிதக்கிறேன். ஜன்னல் திரை காற்றில் உப்பும்போதெல்லாம் கட்டில் நகர்வதுபோல் இருக்கிறது. உங்கள் கப்பலில்தான் ஏறிவிட்டேனோ என்று நினைத்துக்கொள்கிறேன். திரையின் ஓரத்தை எவளோ அவசரமாகத் தைத்திருக்கிறாள். அதைப் பிரித்துத் தைக்கக் கை பரபரக்கிறது.

முகத்தில் கத்தி படக்கூடாது, வாய்க்குள்ளேயே எடுக்கச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். கட்டி எலும்பின் பின்கோடி வரை போயிருக்கிறது. வாய்வழியே எடுத்தால் தழும்பு தெரியாது. ஆனால் பின்பக்கம் கண்ணுக்குச் சரியாகப் படாது, துணுக்கு தங்கினால் மறுபடி வளரும் என்றார். உள்பக்க லைனிங் துணியைப் பிரிக்காமல் உள்ளே கையை விட்டுத் துழாவித் தைத்த கோட்டுகள் எத்தனை என் தையல் கடைக்குத் திரும்பி வந்திருக்கின்றன! வெளியே திறந்தே எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம் கோபித்து முடித்துவிடுங்கள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். தழும்பு மறைவாக இருக்கட்டும் என்று, தையல் சாக்பீஸால் தாடை விளிம்பில் நானே கோடு போட்டுக்கொண்டு போனேன். டாக்டரம்மா சிரித்தபடி அதைத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் கீழே, கழுத்து மடிப்பில் போட்டார். "அங்க வெட்டினா உதட்டை இழுக்குற நரம்பு போயிடும்மா" என்றார். கீழே வெட்டினாலும் சில மாதம் உதட்டோரம் சோர்ந்திருக்கலாம், யாரோ ஒருவருக்கு அப்படியே நின்றும்விடும் என்றார். அப்போதுதான் என் உதட்டோரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு கனவு வந்தது. என் முகத்தை மேசையில் விரித்து வைத்து, குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி நானே ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். வலிக்கவே இல்லை. நீங்கள் வாசலில் நின்று முடிந்ததா என்று கேட்டீர்கள். வாயில் ஊசிகள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. விழித்ததும் அழுதேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் என் கழுத்தை ஆராயவேண்டாம். வழக்கம்போல அசட்டுத்தனமாக ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வையுங்கள். உதட்டின் ஒரு பக்கத்துக்குச் சிரிப்பு வரத் தாமதமானால், அது வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி