ஆமைக்குக் கொடுத்த மூச்சு

ஜூன் 3, செவ்வாய்

கீழ்வீட்டுக்காரி இன்றும் கேட்டாள், பேத்திக்கு என்னதான் வேலை என்று. பொம்மைப் படத் தயாரிப்பாளர் என்றேன். "அப்ப நல்லா வரைவாளா?" ஒரு கோடு நேராகப் போட வராது அவளுக்கு! வரைகிறவர், இசை போடுகிறவர், குரல் கொடுக்கிறவர் எல்லோரையும் ஒரு கூரைக்குக் கீழே சேர்த்து, சண்டை தீர்த்து, சொன்ன தேதிக்குப் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடம் பற்பசை விளம்பரம், பிஸ்கட் விளம்பரம் என்று குட்டி குட்டியாகச் செய்தவள், இப்போதுதான் முழுப் படம் எடுக்கிறாள். இரண்டு மணி நேரப் படம்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். அதில் வருகிற கிழட்டு ஆமைக்கு என் குரல்தான் என்றும் சொல்லிவிட்டேன். இது மூன்றாவது தடவை.

ஜூன் 5, வியாழன்

பேத்தி வந்தாள். உட்காரவே இல்லை. "பாட்டி, கோவிச்சுக்காத. ஆமைக்கு வேற ஆள் பேசப்போறாங்க." ஒரு பெரிய நடிகையின் பெயரைச் சொன்னாள். போஸ்டரில் அப்படி ஒரு பெயர் இல்லாமல் படத்தைத் தொடமாட்டேன் என்கிறாராம் விநியோகஸ்தர். படம் வரைகிறவர்களுக்கு ஆமையின் வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரிவதற்காகத்தான் போன வருடம் என்னைப் பேசச் சொன்னார்களாம்.

"இது தற்காலிகம்தான்னு அன்னைக்கே சொன்னேனே பாட்டி."

சொன்னாள்தான். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

"எனக்கென்ன கோவம்?" என்றேன். கீழ்வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது?

ஜூன் 10, செவ்வாய்

நடிகை இன்று பேசுகிறாள். பேத்தி போனை எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

இன்றும் எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். "அம்மா, அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க, அங்க ஏதோ சரியில்ல" என்றாள். பெற்றவளுக்கே அவ்வளவுதான் தெரிகிறது.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் பேத்தியே வந்தாள். தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நடிகையின் பேச்சும் ஆமையின் வாயும் ஒட்டவே இல்லையாம். அவள் பேசும்போது ஆமை வாயை மூடிக்கொள்கிறது, அவள் முடித்த பிறகு ஆமை மெல்லுகிறது. மூன்று நாளாக இதே கூத்து.

போனில் என் குரலைப் போட்டுக் காட்டினாள். "கடல் எங்கே — இருக்குன்னு எனக்குத் — தெரியும் பயப்படாம — என் பின்னாடி — வா." ஐயோ, இப்படியா பேசியிருக்கிறேன்?

"அந்தம்மா கேக்கறாங்க பாட்டி, நிக்க வேண்டிய இடத்துல ஓடி, ஓட வேண்டிய இடத்துல யாராவது மூச்சு விடுவாங்களான்னு."

வரைந்தவர்கள், கிழட்டு ஆமைக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, என் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை உள்ளே இழுத்து, வெளியே நீட்டி வரைந்திருக்கிறார்கள். ஒரு வருட வேலை. மாற்றி வரைய மூன்று மாதம் ஆகும். படத்தைக் கொடுக்க வேண்டியது இருபதாம் தேதி.

"தேதி தவறினா விநியோகஸ்தர் போயிடுவார் பாட்டி. முதல் படத்தையே முடிக்கத் தெரியாதவகிட்ட ரெண்டாவது படத்தை யார் தருவா? என்னை நம்பி பதினாலு பேர் இருக்காங்க."

"என்னாலதானே?"

"அப்படி யார் சொன்னா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையிலிருந்து அடுப்படியில் அதே வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயும் நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி போகிறது. அப்புறம் அன்றைக்கு மட்டும் ஏன் நின்றேன்?

பேத்தி கொடுத்த வசனத் தாள்களை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துப் பிரித்தேன். என் கண்ணுக்காக ரொம்பப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தாள். ஒரு வரிக்கு இரண்டு வார்த்தைதான் கொள்கிறது. முதல் வரி: கடல் எங்கே. இரண்டாவது வரி: இருக்குன்னு எனக்குத்.

நான் நின்ற இடமெல்லாம் வரி முடிகிற இடம்!

விரலை எழுத்துக்கு அடியில் நகர்த்து, வரி முடிந்தால் மூச்சு விடு, விரலை அடுத்த வரிக்கு இறக்கு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எங்களுக்கு வாசிப்பு என்றால் அதுதான். அப்படித்தான் வாசித்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் குரல்தான் கேட்டது, விரலை யார் பார்த்தார்கள்?

இதைச் சொன்னால் நடிகை சரியாகப் பேசிவிடுவாள். சொல்லாவிட்டால் — வேறு வழி இல்லாமல் என் குரலையே வைத்துக்கொள்வார்களோ?

சீ. என்ன புத்தி இது. விநியோகஸ்தர் போய்விட்டால் ஆமை ஏது, படம் ஏது, என் பேத்தியின் பிழைப்புதான் ஏது.

ஜூன் 14, சனி

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். தாடி வைத்த இயக்குநர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். "அதே வசனம்தானேம்மா?" "வசனம் அதேதான் தம்பி. வரியைப் பாருங்க."

நடிகை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "நாப்பது வருஷமா வசனம் பேசறேன். என்னைப் போய் விரல் வச்சுப் படிக்கச் சொல்றீங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை இதுதாங்க. உங்களுக்கு எத்தனையோ தெரியும், அதுல இது மறந்திருக்கும்."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வாசித்தாள். முதல் தடவை விரல் பின்னாலேயே கிடக்க, வாய் ஓடிவிட்டது.

"விரலைத் தாண்டாதீங்க. அது நின்னா நீங்களும் நில்லுங்க."

இரண்டாம் தடவை, திரையில் ஆமை கழுத்தை இழுத்தது, அவளும் நின்றாள். ஆமை வாயைத் திறந்தது, குரல் வந்தது. ஒலிப்பதிவாளர் சரி என்று கையைத் தூக்கினார். பேத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில் மட்டும் தகராறு. அன்றைக்கு எனக்கு இருமல் வந்திருக்கிறது, ஆமையும் இருமுகிறது. நடிகை ஏழெட்டுத் தடவை இருமிப் பார்த்தாள். "இது எனக்கு வராது. அந்தம்மா இருமலையே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

நல்ல குரல் அவளுக்கு. என்னுடையதைவிட நல்ல குரல். எழுதும்போதுதான் வலிக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

கொடுத்துவிட்டாள். சொன்ன தேதியில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கீழ்வீட்டுக்காரியோடு படம் பார்த்தேன். ஆமை பேசப் பேச, என் விரல் நாற்காலிக் கையில் தானாக நகர்ந்தது. முடிந்ததும் கேட்டாள், "உங்க குரல் எங்க வந்துச்சு?"

"ஆத்தங்கரையில ஆமை இருமிச்சே, பாத்தீங்களா?"

"ஆமா, எல்லாரும் சிரிச்சாங்களே."

"அது நான்தான்."

செப்டம்பர் 9, செவ்வாய்

பேத்தியிடமிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. இரண்டாவது படமாம். ஒரு கிழட்டு நரி. அதே பெரிய எழுத்து. ஆனால் சில வரி நீளம், சில வரி குட்டை. நிற்க வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு வரியும் முடிகிறது. மேலே அவள் கையெழுத்தில்: "இதுவும் தற்காலிகம்தான் பாட்டி, காதுல ஏறிச்சா?"

ஏறியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலை முதல் வரியில் வைத்தேன்.