அப்பா மலையிறங்கினார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீ மீதியை நிதானமாகப் படிப்பாய்: அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளறையில் தூங்குகிறார். அண்ணியும் குழந்தையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், நான் குரலை உயர்த்துவேன், நடந்தது பின்னுக்குப் போய் நம் சண்டை முன்னுக்கு வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

காய்கறி மார்க்கெட்டில் அப்பா ஏலம் விடும்போது கூடவே இருந்த தராசுக்காரர் ஞாபகம் இருக்கிறதா? அவர்தான் சுற்றுலா பஸ்ஸில், மௌன விரதம் இருக்கிற ஒரு மலைக்குப் போகிறேன், துணைக்கு வா என்று கூப்பிட்டார். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போனதிலிருந்து வாசலைத் தாண்டாத மனுஷர் சரி என்று தலையாட்டியதே பெரிது என்று அனுப்பி வைத்தேன். பஸ் திரும்பி வந்தது, தராசுக்காரரும் வந்தார், அப்பா வரவில்லை. அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டாராம். போன மறுநாளே மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூரையில் 'பழகுநர்' பலகையோடு அந்த மலையேறிய வண்டி என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு இந்த மாதிரி இடங்களில் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். இதைப் பார்த்தபின் இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று. அந்தக் காலத்தில் ஒரு ஞானி யாரிடமும் பேசாமல் அந்த மலையில் வாழ்ந்தாராம். அவர் பேரில் இப்போது அடிவாரத்திலேயே ஒலிபெருக்கி வைத்து, அமைதி காக்கும்படி கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர் உட்கார்ந்த பாறையைச் சுற்றிக் கயிறு. உட்கார ஒரு டோக்கன், போட்டோவுக்கு இன்னொரு டோக்கன். காதடைக்கும் பஞ்சை வெல்வெட் பையில் போட்டுக் கடை கடையாக விற்கிறார்கள். தங்குகிறவர்களுக்கு மௌனம் மூன்று வகையாம்: சாதா, சிறப்பு, பள்ளத்தாக்கைப் பார்த்த சிறப்பு. தங்குகிற எல்லோர் கழுத்திலும் 'நான் மௌனத்தில் இருக்கிறேன்' என்று ஓர் அட்டை தொங்குகிறது.

வரவேற்பில் வெள்ளை உடுப்பு போட்ட ஒரு பெண் இருந்தாள். ஆலோசகராம். அப்பா மாத்திரையை நிறுத்த ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "மௌனம் உள்ளே போனா மருந்து தானா வெளியே போயிடும்மா" என்றாள். "ரத்தக்குழாயில அடைப்பு வந்தா உயிரே வெளியே போயிடும்மா" என்றேன். பேச்சுப் போன மனுஷரை வைத்துக்கொண்டு என்ன விளையாடுகிறீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்த மலையில் அன்றைக்கு ஒலிபெருக்கிக்கு அடுத்தது நான்தான்.

அப்பா தோட்டத்துப் பெஞ்சில் இருந்தார். கழுத்தில் அட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிளம்பலாம்ப்பா என்றதும் வாடியது. தலையை இடவலமாக ஆட்டினார். மாத்திரை அட்டையை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் அவருக்கு மட்டும் சொந்தமா என்ன. அவர் தொண்டையில் மாத்திரை இறங்காமல் நான் மலையிறங்குவதில்லை என்று முடிவு செய்து, இருப்பதிலேயே சாதா மௌனமாக ஒரு படுக்கை வாங்கி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திப் பிழைக்கிறவள் நான். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். எதிரே ஒருவர் சூப் கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தால் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று உனக்குத் தெரியாது. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் 'சாவி' என்று வரும். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன், என் சின்னவன் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பான், அவர் தட்டோடு எழுந்து உள்ளே போய்விடுவார். இங்கே அவர் மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கூடையில் கடைசியாக ஒரு ரொட்டி மிச்சம். அதை இடது கையால் தூக்கிக் காட்டி, புருவத்தாலும் விரலாலும் ஏலம் விட ஆரம்பித்தார். ஒரு தடித்த ஆள் தன் பழத்தைத் தருகிறேன் என்று காட்ட, எதிரே இருந்த அம்மாள் பழத்தோடு வெண்ணெயும் என்று காட்ட, அப்பா உதட்டைப் பிதுக்கி 'இவ்வளவுதானா' என்று சுற்றிப் பார்க்கிறார். மேஜை முழுக்கச் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அண்ணா, அப்பாவும் சிரித்தார்.

அங்கே யாரும் பேசுவதில்லை. அதனால் அப்பாவுக்குப் பேச வராது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

இருந்தாலும் மாத்திரை விஷயத்தில் நான் இளகவில்லை. கைதுடைக்கும் தாளில், 'எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், மாத்திரை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் நானும் இங்கேயேதான்' என்று எழுதி முன்னால் வைத்தேன். திரும்பத் திரும்பப் படித்தார். நான் அங்கேயே இருந்துவிடுவேன் என்பது பயமுறுத்தியதோ என்னவோ, சூப்போடு மாத்திரையை விழுங்கினார். மறுநாள் காலையில் அவரே கையை நீட்டினார். அன்றைக்கே நான் தனியாகத் திரும்பியிருப்பேன். சந்தோஷமாக இருக்கிறார், மருந்தும் சாப்பிடுகிறார், வாரம் ஒருமுறை வந்து பார்த்தால் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் மேலாளர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வரவேற்பில் போட்ட சத்தம் அவர் காதுக்கும் போய், அப்பா பேச்சுப் போனவர் என்பது தெரிந்திருக்கிறது. கேமரா, விளக்கு, பூத்தொட்டி எல்லாம் தயாராக இருந்தன. "ஐயா ஒரே ஒரு வரி சொன்னா போதும். எத்தனை பேருக்கு நம்பிக்கை வரும்" என்றார். 'இந்த மலை எனக்குப் பேச்சைக் கொடுத்தது' என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் பள்ளத்தாக்கைப் பார்த்த அறை அப்பாவுக்குக் காலம் முழுக்க இலவசம். வார்த்தை தடுமாறினால் பரவாயில்லை, இன்னும் உருக்கமாக இருக்கும் என்று வேறு சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அப்பா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். காலரைச் சரிசெய்துகொண்டு, கழுத்து அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கேமரா முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. உதடு துடித்தது. எடுத்துக் கொடுக்காமல் இருக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மார்க்கெட்டின் அந்தக் கோடிவரை கேட்குமே, அந்தக் குரல் வந்தது.

"வெங்காயம்."

கேமராக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பதமாக, "பரவாயில்லை ஐயா, இன்னொரு தடவை" என்றார்.

"அழுகின வெங்காயம்" என்றார் அப்பா.

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எழுந்து நேராகக் காருக்கு நடந்தார். இடது கையாலேயே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, போகலாம் என்பதுபோல் ரோட்டைப் பார்த்தார். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் அவரே ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியைக் காட்டி, "தக்காளி" என்றார். தக்காளிதான்.

அண்ணா, அந்த மலையில் விற்பதெல்லாம் பொய்தான். ஆனால் அப்பாவுக்கு அங்கே கிடைத்தது பொய்யில்லை. அதை இங்கேயே கொடுக்காமல் விடுவதில்லை என்று இருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில் இனி யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். உன் மாப்பிள்ளைதான் முணுமுணுக்கிறார், அதுவும் பேச்சில்தான் சேர்த்தி என்று சொல்லிவிட்டேன். பேச்சுப் பயிற்சிக்குத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி போகிறோம். வருகிறேன் என்று அப்பா தலையாட்டியிருக்கிறார். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள் என்று பயிற்சி தரும் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டதும், "என் பேர் என்னப்பா, சொல்லுங்க பாப்போம்" என்று ஆசையாகக் கேட்கிறாய். அவர் வாயால் உன் பேரைக் கேட்க நீ எவ்வளவு தவிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் பேரும் இன்னும் அவருக்கு வரவில்லை. இனி அதைக் கேட்காதே. உன் வேலையைச் சொல், அங்கே பெய்கிற மழையைச் சொல், குழந்தை செய்த குறும்பைச் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு. அவர் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் சரி, ஒரு வார்த்தையும் வராவிட்டாலும் சரி, நீயாகப் போனை வைத்துவிடாதே. அவர் எதிரிலேயே இரு, அண்ணா.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை