ஐந்தாவது பட்டன்

தம்பி,

சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு.

நீ கேட்டபடி கார் ரேடியோவைச் சரிசெய்துவிட்டேன். முள்ளை நகர்த்தும் பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் ஓடுகிறது. பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நான்கு ஒழுங்காகப் பாடின. ஐந்தாவதில் வெறும் இரைச்சல். முள் நிற்கும் இடம் மலைக்கு அந்தப் பக்கம் மட்டுமே கேட்கிற ஸ்டேஷன்.

போன வருடம் ஐந்தையும் இந்த ஊர் ஸ்டேஷன்களில் வைத்தவள் நான். யாராவது பட்டனை வெளியே இழுத்து மறுபடி அமுக்காமல் அது இடம் மாறாது.

"மார்க்கெட்டைத் தாண்டி வண்டியை எடுத்ததே இல்லக்கா" என்று நேற்றுகூடச் சாதித்தாய். மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு இருப்பது அப்பா ஒருவர்தான். "உன்கிட்ட சண்டை போட்டுட்டுப் போன மனுஷன், நானும் அவர் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொன்னதும் நீதான்.

காரை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பட்டன் எந்த இடத்தில் வாயைத் திறக்கிறது என்று நானே பார்த்துவிடுகிறேன்.

அக்கா

பி.கு.: சாப்பாடு குறைகிறதே என்று பார்க்காதே. பாதியை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டேன். உப்பு கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், அவருக்கு ஆகாது.