காத்தமுத்து வேட்டிக்குக் கரை வைத்த அக்காவுக்கு

பிரியமுள்ள என் அமலி அக்கா,

நீ கண் மூடி மூன்று குறுவை அறுத்தாயிற்று. நன்னிலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையைப் பெரிதாக்கிவிட்டேன். ஜவுளியோடு இப்போது செருப்பும் உண்டு. உன் தையல் பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களையெல்லாம், இது இவர்களுக்கு எதற்கு என்றுதான் பார்த்தேன். சாயம் போகிறதா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் நான் எந்தத் துணியையும் வாங்கியதில்லை. மனிதர்களையும் அப்படித்தான்.

போன வாரம் காத்தமுத்துவின் மகள் செல்வி கடைக்கு வந்தாள். தன் பையனுக்கு வெள்ளை கான்வாஸ் ஷூ, கூடவே பாசிமணியும் சிவப்பு நூலும் கேட்டாள்.

"வெறும் வெள்ளையா இருந்தா போட மாட்டேங்கறான் மாமா. நானே ரெண்டு மயில் தைக்கப் போறேன்."

பத்து வருஷமாக நம் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பம். பாசிமணி வாங்கவா பூதலூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாள் என்று எனக்குச் சந்தேகம்.

இதைப் படிப்பவர்களுக்கும் தெரியட்டும். கட்சிக் கரை வேட்டியைக் கடையில் வாங்க முடியாதவர்கள் வெள்ளை வேட்டியை உன்னிடம் கொடுத்துக் கரை வைத்துக்கொள்வார்கள். கட்சி மாறுகிறவர்கள் பழைய கரையைப் பிரித்துப் புதியதைத் தைக்கச் சொல்வார்கள். யார் எந்தப் பக்கம் தாவப் போகிறார் என்பது ஊருக்கு முன்பே உனக்குத் தெரியும். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"நீ துணிய வித்தா போதும், ஆள விக்காத. போடா" என்பாய்.

அறுவடைக் கூலிக்காக மிராசுதாரோடு தகராறு நடந்த வருஷம் அது. கூலிக்காரர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த காத்தமுத்து, ரகசியமாக வந்து ஆளுங்கட்சிக் கரை வைக்கச் சொன்னார். மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அரிவாள் கிழித்த இடத்தில் நீ முன்பே பூப்போட்டு மூடிய வேட்டி. அதை அறியாதவர் இல்லை. "விலை போயிட்டான்யா" என்றார்கள். அவர் பின்னால் யாரும் நிற்கவில்லை. பழைய கூலிக்கே வயலில் இறங்கினார்கள். அவர் குடும்பத்தோடு பூதலூருக்குப் போய்விட்டார். நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று பேச்சு. அதன் பிறகு உன்னிடம் துணி கொடுக்க ஒருவரும் வரவில்லை.

யார் சொன்னது? கேட்டால், "எல்லாரும் சொன்னாங்க" என்றார்கள். டீக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். உன் மேல் பொறாமை என்பதால் தெருமுனைத் தையல்காரரையும். கடைசியில், அக்கா, உன்னையும். நேராகவே கேட்டேன்.

"அப்படியா நெனைக்கற?" என்றாய். அதோடு சரி.

செல்வி பாசிமணியை விரலால் அளைந்துகொண்டே பேசினாள். "அப்பா விலை போகல மாமா. கரை வேட்டி இல்லாதவன தாலுக்கா ஆபீசுல உள்ளயே விடறதில்ல. கூலி மனு குடுக்கத்தான் வைக்கச் சொன்னாரு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கரை வச்ச வேட்டிய, சாயம் போகுதான்னு நனைச்சுப் பாத்து, அமலி அத்தை எப்பவும் கொல்லையிலதானே காயப்போடுவாங்க. அப்பா வேட்டிய மட்டும் ஏன் வாசல்ல போட்டாங்க? வாய்க்கால் மேட்டுல போனவங்க அத்தனை பேரும் அந்தப் பூவையும் புதுக் கரையையும் பாத்துட்டாங்க. அத்தை வேணும்னேதான் செஞ்சாங்கன்னு அப்பா இன்னமும் சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல."

அன்று தஞ்சாவூரிலிருந்து நான் கொண்டுவந்த மூட்டை, பஸ் கூரைமேல் மழையில் ஊறிப்போயிருந்தது. மழை விட்டதும் கொல்லைக் கொடி முழுதும் எனக்கு வேண்டியிருந்தது. நீ கோவிலுக்குப் போயிருந்தாய். கொடியில் கிடந்த ஒற்றை வேட்டியை உருவி வாசலில் போட்டவன் நான். யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. என் துணி நாறிவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது புத்தியில் இருந்தது.

திரும்பி வந்தவள் இரண்டு கொடியையும் பார்த்திருப்பாயே. அப்போதே உனக்குத் தெரியுமா? தெரிந்துமா, நான் அப்படிக் கேட்டபோது வாய் திறக்கவில்லை? உண்மை தெரிந்தால், புதிதாகத் தொடங்கிய என் கடைக்கு ஆள் வராது என்று நினைத்தாயா? நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா?

செல்வியிடமும் நான் சொல்லவில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பூதலூர் போகிறேன். காத்தமுத்து கதவைச் சாத்தினால் தெருவில் நின்றே சொல்வேன். மறுநாள் நம் ஊர் டீக்கடையில், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வேன். கடைக்கு வருகிறவர்கள் வரட்டும், போகிறவர்கள் போகட்டும். உன் பேரில் இனி ஒருவரையும் பழி சொல்ல விடமாட்டேன்.

உன்னையே சந்தேகப்பட்ட உன் தம்பி,
சவரிமுத்து