ஜன்னல் மூலையில் இருபத்து நான்கு இழைகள்

ஹாஸ்டல், ஆண்டர்சன்பேட்டை
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐடா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். ஓசூரில் உங்களுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதா? முதுகுவலி குறைந்ததா?

உயிருள்ளவை உருவாக்கும் வடிவம் ஒன்றை அளந்து வரையச் சொல்லியிருக்கிறார் டிராயிங் மிஸ். ஞாயிறன்று அறைத்தோழிகள் எல்லோரும் வீட்டுக்குப் போனதும், லதாவின் கட்டில்மேல் ஏறி நின்று, ஜன்னல் மூலையிலிருந்த சிலந்தி வலையைப் பாகைமானியால் அளந்தேன். நடுவிலிருந்து இருபத்து நான்கு இழைகள். எந்த இரண்டு கோணமும் சமமாக இல்லை! பாதி வரைவதற்குள் ஆயா பார்வதம்மா ஒட்டடைக்கோலோடு வந்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

"ஐயோ, இதையா அளந்துக்குனு இருந்தே? ஒட்டடைன்னு நெனச்சேன் கண்ணு! நீ இன்னா, வூட்டுக்குப் போவலியா?"

"அடுத்த வாரம் அம்மா வருவாங்க ஆயா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

இன்று காலை சிலந்தி புதிதாக வலை கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை படம் கொடுக்க வேண்டும். லதா இல்லாத ஞாயிறன்றுதான் கட்டிலில் ஏறி அளக்க முடியும்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டு வாருங்கள். நீங்கள் வந்தால் படம் முடியாது. முடியாவிட்டால் பரவாயில்லை அம்மா.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்
ஐடா