கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பவளுக்கு

கல்லடி,
வியாழன் இரவு.

அன்புள்ள பஸ்னா,

நான் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பின்னேரம்தானே பார்த்தோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவார். அதனால் நுளம்பு வலைக்குள் டோர்ச்சை மறைத்து வைத்துக்கொண்டு கொப்பித் தாளில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் புத்தகம் சொல்லுவது என் முறை. நான் வர மாட்டேன். சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன், நீ எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. முடிவைச் சொல்லக்கூடாது என்பது நம் வட்டத்துக்கு டினுஷா போட்ட சட்டம். இந்த ஒரு முறை மன்னிக்கச் சொல்லு.

நான் சொல்லுவது மூன்று நாவல்கள். மூன்றும் நூலகத்தின் பின் அறையில், வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் கிடந்தவை. கப்பலேறி அமெரிக்காவுக்குப் போன யூதப் பிள்ளைகளின் கதைகள். உன் அண்ணன், அதுதான் உன் காக்கா, உலகம் இப்படி இருக்கும்போது உனக்கு ஏன் யூதக் கதை என்று கேட்டதாகவும், "காக்கா, இதுகளும் வீடு வாசல விட்டுப்போட்டு வந்த புள்ளயள்தான்" என்று நீ சொன்னதாகவும் சொன்னாயே. நான் சொல்லும் சிபாரிசும் அவ்வளவுதான்.

முதலாவது நீல அட்டைப் புத்தகம். ஏழு வயதுப் பிள்ளை ஒரு இறகுத் தலையணையைக் கட்டிக்கொண்டு கப்பலில் போகிறாள். எல்லோரும் சத்தி எடுக்கும்போது அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து, வீட்டு அடுப்புப் புகையை மணக்கிறாள். வெள்ளிக்கிழமை அந்தியில் அவர்களின் ஓய்வு நாள் தொடங்கினால், கப்பலின் அடித்தட்டிலும் தாய் இரண்டு மெழுகுதிரி கொளுத்துகிறாள். அந்த இடத்தில்தான் நீ, எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமைதான் பெரிய சமையல் என்று துள்ளினாய்.

அந்தப் புத்தகத்தில் கிழவர்கள் அடிக்கடி "ஓல்ட் கன்ட்ரி" என்று சொல்லுவார்கள். நாம் அதை ஒரு நாட்டின் பெயர் என்று நினைத்து பள்ளிக்கூட அட்லசில் தேடினோம். ஓமான் இருந்தது, ஓல்ட் கன்ட்ரி இல்லை. "சின்ன நாடு போல, புள்ள, அச்சடிக்கக்குள்ள விட்டுட்டாங்க" என்றாய். அடுத்த அத்தியாயத்தில்தான் விளங்கியது, அவரவர் விட்டு வந்த ஊருக்குத்தான் அந்தப் பெயர் என்று. எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரே கனவு. அந்தக் கப்பல் நம் வாவிக்குள் வருகிறது. கல்லடிப் பாலத்தில் புகைக்கூண்டு இடிக்கும் என்று நான் கத்துகிறேன். கப்பல் பசுமாடு போலத் தலையைக் குனிந்து பாலத்துக்குக் கீழே போகிறது. தண்ணீரில் பாலத்து விளக்குகள் கலைந்து, பிறகு ஒவ்வொன்றாகத் தன் தன் இடத்துக்கு வருகின்றன. மேல்தட்டில் நீ நிற்கிறாய் என்று பார்த்தால், நிற்பது நான். கரையில் நிற்பது நீ.

இரண்டாவது, அட்டை கிழிந்த புத்தகம். அதில் வரும் பையனின் தகப்பன் ஐந்து வருடம் முந்திப் போனவர். துறைமுகத்தில் தாடி வழித்த ஒரு மனிதர் வந்து கையை நீட்ட, பையன் தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிகிறான். ஒரு கிழமையாக அவரை "ஐயா" என்றே கூப்பிடுகிறான். அந்த இடத்தை வட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தீர்கள். நீ மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்ன புள்ள, வயிறு நோகுதா?" என்று கேட்டாய். ஓம் என்று பொய் சொன்னேன்.

பஸ்னா, எனக்கு நாலு வயதில் அப்பா கனடா போனார். பதினொரு வருடமாக அவரை போனில் மட்டும்தான் தெரியும். போனில் அவருக்கு உயரம் இல்லை. எவ்வளவு உயரம் என்று அம்மாவிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

கனடா விசா வந்துவிட்டது. சனி விடிய நாலு மணிக்குக் கொழும்புக்குப் போக வான் வரும். இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினார். "பிளேன் ஏறுமட்டும் ஒரு சனத்துக்கும் தெரியப்படாது, புள்ள. நாவூறு பொல்லாதது." சித்தி ஒருவர் கேக் வெட்டி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போய், பயணம் சரிவராமல் மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவர். அதிலிருந்து அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் நாவூற்றுக்கு இல்லை. பாஸ்போட்டில் அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயராம். அங்கே வகுப்பில் கனகசூரியம் என்று கூப்பிட்டால், எழும்ப வேண்டியது நான் என்று எனக்கு ஞாபகம் வருமா?

மூன்றாவது நாவல், நீ இதை வாசிக்கும்போது உன் கையில் இருப்பது. இதன் முடிவைச் சொல்லப்போகிறேன். தாய் ஊருக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள், அவள் செத்த பிறகு மகளுக்குக் கிடைக்கின்றன. மகள் ஒவ்வொன்றாக விரிக்கிறாள். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான் கதை. முடித்த அன்று நான் சோறு தின்னவில்லை.

நாளைக்கு இந்தப் புத்தகத்தை எப்போதும்போல உன்னிடம் தருவேன். கடிதம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மற்றவர்கள் என்றால் நான் போய் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் காண்பார்கள். நீ கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிறவள். எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். நாளைக்கும் அப்படியே செய். பஸ் தரிப்பில் கண்டுவிட்டாய் என்றால் அழாதே, எதுவும் கேட்காதே. அம்மா பக்கத்தில் நிற்பார். காத்தான்குடி பஸ்ஸில் ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார். எனக்கு விளங்கும்.

எனக்குத் தமிழில் எழுது. நான் எப்போதாவது இங்கிலீசில் பதில் போட்டால், நல்லா எழுதியிருக்கிறாய் என்று மெச்சாதே. பதிலும் போடாதே. நான் தமிழில் கேட்கும் வரைக்கும் பேசாமல் இரு.

நீயும் வட்டத்துப் பிள்ளைகளும் நல்லா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் கிருஷாந்தினி.
அப்பாவின் பெயர் போடவில்லை, பார்த்தாயா.